வெள்ளை வண்டியின் சத்தமும் கந்தப்பன் மச்சானின் காதும்

என் அக்காள் நஞ்சம்மாளைக் கட்டிய கந்தப்பன் மச்சானுக்குக் கண் இரண்டும் முகத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்ததுதான். அவர் காரியம் பார்ப்பதெல்லாம் காதால். வீட்டுக்கு வந்துபோன ஆள் என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் முழிப்பார். ஆனால் அந்த ஆளுடைய பைக்கில் செயின் தளர்ந்திருக்கிறது என்பதை, பைக் தெருமுனை திரும்பும் முன்பே சொல்லிவிடுவார்.

திருப்பூர் நல்லூரில் வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய நிட்டிங் யூனிட். கம்பெனிக்காரர்கள் நூலைக் கொடுத்தால் பனியன் துணியாக ஓட்டிக் கொடுப்பார். மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது அங்கே நம் பேச்சு நமக்கே கேட்காது. அந்த இரைச்சலைக் கேட்டபடி மச்சான் முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஊசி ஒடஞ்சிருச்சு" என்று எழுந்து போவார். போய்ப் பார்த்தால் ஏதோ ஒரு மெஷினில் துணியில் கோடு விழ ஆரம்பித்திருக்கும். இதைப் பார்த்து அசந்துபோனவர்கள் நிறையப் பேர். நான் அசந்ததில்லை. அதே மனிதரை என் அக்காள் பக்கத்து அறையிலிருந்து "ஏனுங்க, கேஸ் தீந்துருச்சுங்க" என்று கூப்பிட்டால் ஒருநாளும் அவர் காதில் விழுந்ததில்லை.

மற்றபடி தங்கமான மனுசன். அப்பா காலத்தில் பருத்தி போட்ட குடும்பம். கிணறு கைவிட்டதும் பனியன் தொழிலுக்கு வந்தார். முதல் மெஷினை வாங்கப் போனபோது அதன் வயது, கம்பெனி எதையும் கேட்காமல், ஓட்டச் சொல்லி, கண்ணை மூடி நின்று கேட்டுவிட்டு, "சரிங்க, ஏத்தி உடுங்க" என்றாராம். அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. அதனால்தான் வந்தது வினை. தன் காது ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சே கிடையாது என்று அன்று முடிவு செய்தவர் இன்றுவரை இறங்கி வரவில்லை.

ஒரே மகள் மோனிஷா. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தாராபுரம் போயிருந்தோம். மாப்பிள்ளைப் பையன் நித்தீஷ் வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எல்லாரும் பையனைப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்க்கிறார். அது லேசாகக் கடகடத்தது. என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நினைத்தபடியே எழுந்து, ஸ்டூல் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி விசிறியின் திருகை முடுக்கிவிட்டு இறங்கினார். பையனுடைய அப்பா தங்கதுரை விசிறியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, அது இன்னும் நிற்கவில்லை. எப்போது பார்த்தாலும், "சம்பந்தி, எங்கூட்டுல இன்னிக்கு மிக்ஸி சத்தம் சரியில்லீங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?" என்று வம்பிழுப்பார். நல்ல மனுசன்தான். குரல்தான் கொஞ்சம் பெரிசு. அவர் தாராபுரத்தில் பேசினால் குண்டடத்தில் கேட்கும்.

கல்யாணமாகிப் போன மோனிஷா இந்த வருசம் உண்டானாள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கட்டுச்சோறு விருந்து என்று ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகச் செய்து, பாத்திரத்தில் வைத்து வெள்ளைத்துணியால் வாய் கட்டி, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் விருந்து வைத்துவிட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவார்கள். ஆனி மாதத்தில் நாள் குறித்தார்கள். மச்சானுக்குத் தரையில் கால் பாவவில்லை. மகளைத் தன் வண்டியில், தானே ஓட்டி, தன் வீட்டுக்குக் கூட்டி வரப்போகிறார். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அது நடந்தால் போதும், மற்ற விருந்து வேலையெல்லாம் அக்காளும் நானும் பார்த்துக்கொள்ள வேண்டியது.

அவருடைய வண்டி ஒரு வெள்ளைக் கார். பழசுதான், ஆனால் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். அதில் ஏ.சி. மட்டும் குளிரவில்லை. மாசமான பிள்ளை வெக்கையில் வரக்கூடாது என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி, உள்ளே குளிர்விக்கிற காயிலை மாற்றி, மறுபடி மாட்டிக் கொடுத்தார்கள். ஏ.சி. மார்கழி மாதிரி குளிர்ந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நல்லூர் வந்து சேர்ந்த மச்சான் என்னை போனில் கூப்பிட்டார்.

"மாப்ளே, வண்டில ஒரு சத்தம் வருதுங்க."

"ஏ.சி. சத்தமா இருக்குமுங்க மச்சான்."

"ஏ.சி. சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? இது டிக்கு டிக்குன்னு வருது. நேத்து வரைக்கும் இல்லாத சத்தம். நீங்க கெளம்பி வாங்க."

நான் ஒரு சின்ன அயர்னிங் யூனிட் வைத்துப் பிழைக்கிறவன். சொன்ன தேதிக்குச் சரக்கு மடித்துக் கட்டிக் கொடுக்காவிட்டால் எனக்கு வரும் சத்தம் வேறு. ஆனாலும் போனேன். அக்காளைக் கட்டியவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போய் உட்கார்ந்ததும் உண்மையாகவே சத்தம் வந்தது. டேஷ்போர்டுக்குள் சின்னதாக டிக், டிக். மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கே வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற பையன் அருண்பாண்டி, விருதுநகர்ப் பக்கம். கேட்டதும் தலையாட்டினான்.

"ஒரு கிளிப்பு சரியா உக்காரல சார். நம்ம பக்கந்தான் தப்பு. இந்தா மாட்டிக் குடுத்திருதோம்" என்று சொல்லிக் கையோடு சரிசெய்து கொடுத்தான். டிக் டிக் நின்றுபோயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் மச்சான் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். "காதுன்னா சும்மாங்களா?" என்றார். கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய வேலையே இல்லை.

அடுத்த நாள் காலையில் மறுபடி போன். "மாப்ளே, இது வேறொரு சத்தமுங்க. கிணிங்குது."

கிணிங்கத்தான் செய்தது. நல்ல ரோட்டில் வராது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் வரும். எங்கள் நல்லூர்த் தெருக்களில் வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. வேகத்தடை இல்லாத இடத்தில் குழி இருக்கும். அதனால் வீட்டிலிருந்து மெயின் ரோடு போவதற்குள் பத்துமுறை கிணிங்கும். இரண்டாவது தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அருண்பாண்டி மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் வழக்கமாக ஓட்டிப் பார்க்கிற பைபாஸ் ரோட்டில் ஓட்டினான். அந்த ரோட்டில் தண்ணீர் டம்ளரை மடியில் வைத்தாலும் தளும்பாது. வண்டி வாயே திறக்கவில்லை.

"சார், எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்."

"ஏனுங்க தம்பி, நான் பொய்யா சொல்றேன்?"

"அய்யய்யோ, அப்படிச் சொல்லல சார். வண்டி இப்ப சத்தம் போட்டாத்தான சார் எங்கன்னு பாக்க முடியும்?"

மச்சான் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கூட்டிப்போனதும் நல்ல பிள்ளையாக நிற்கிற மகனை அப்பன் பார்ப்பானே, அந்தப் பார்வை. கேட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்ததும் வண்டி கிணிங் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவரே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். திருப்பூரில் எதுவும் ஆடினால், தட்டினால், ஒழுகினால் நாங்கள் முதலில் தேடுவது கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் வெட்டியதில் மிஞ்சும் துணித்துண்டு. வீட்டில் தலையணைக்குள்ளும் அதுதான், வண்டி துடைக்கவும் அதுதான். மச்சான் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து, கதவுப் பைகளில், சீட்டுக்கடியில், டேஷ்போர்டில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள், கை போகிற சந்திலெல்லாம் துணியைத் திணித்தார். வண்டிக்குள் உட்கார்ந்தால் மெத்தைக் கடைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சத்தம் போகவில்லை. கூடக் கொஞ்சம் வலுத்தது. முன்பு ஒற்றையாகக் கிணிங்கியது இப்போது இரட்டையாகக் கிணிங்கியது.

ஒருநாள் என்னை டிக்கியில் படுக்கச் சொன்னார். "சத்தம் முன்னால இருந்து வருதா, பின்னால இருந்து வருதான்னு படுத்துக் கேட்டுச் சொல்லுங்க மாப்ளே." அய்ம்பது வயதில், தாய்மாமன் என்று ஊரில் மரியாதையோடு இருக்கிற நான், டிக்கியில் முட்டியை மடித்துப் படுத்துக்கொண்டு நல்லூரைச் சுற்றி வந்தேன். என்னத்தைக் கேட்க? ஒவ்வொரு குழியிலும் என் தலை இடிக்கிற சத்தம்தான் கேட்டது. இறங்கியதும் கோபத்தில், "எல்லாப் பக்கமும் வருதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது அவரை இன்னும் கலங்கடித்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அவராகவே முடிவுக்கு வந்தார். சக்கரத்துப் பேரிங் போய்விட்டதாம். எந்த நேரமும் சக்கரம் கழன்று ஓடிவிடுமாம். இதை அவர் காது சொல்லிவிட்டது.

இந்தச் சங்கதி எப்படியோ தாராபுரம் போய்ச் சேர்ந்தது. எப்படியோ என்ன, அக்காள்தான் சொல்லியிருப்பாள். தங்கதுரை போன் போட்டார். ஸ்பீக்கரே போடவேண்டாம், அறை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தி, வண்டி பாட்டுப் பாடுதாமா? எதுக்குங்க ரிஸ்க்கு? எங்க பெரிய வண்டி சும்மாதான் நிக்குது. நாங்களே மோனிஷாவைக் கொண்டாந்து உட்டறோமுங்க. இல்லீன்னா பிரசவத்தையே இங்க வெச்சுக்கலாமுங்க. ஆசுபத்திரி பக்கத்துலயே இருக்குதல்லோ?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். மச்சான் முகம் செத்துப்போயிற்று. போனை வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்தவர், யூனிட்டில் ஒரு மெஷினில் ஊசி உடைந்து துணி முழுக்கக் கோடு விழுந்ததையும் கவனிக்கவில்லை. ஆப்பரேட்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"சத்தம் என்னன்னு தெரியாம எம்புள்ளையை அதுல ஏத்த மாட்டேனுங்க மாப்ளே" என்றார். "ஆனா அவங்க வண்டில வந்து எறங்குனா, விருந்தாளியாட்டம் இருக்குமுங்க. நான் போயிக் கூட்டியாரோணும். எனக்கு அதுதானுங்க."

இந்த மனுசனைப் போய் இத்தனை நாள் கேலி செய்தோமே என்று இருந்தது. கட்டுச்சோற்றுக்கு முந்தின வாரம் மூன்றாம் முறையாகச் சர்வீஸ் சென்டர் கிளம்பினோம். இந்தத் தடவை அக்காளும் பூண்டி கோயிலுக்குப் போகவேண்டும் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் அருண்பாண்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "தம்பி, பைபாஸ் வேண்டாம். எங்க தெருவுக்கு வந்து ஓட்டிப் பாருங்க. கேக்கலீன்னா நாங்க இனி இந்தப் பக்கமே வரலை."

பையன் மறுக்காமல் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு நல்லூர் வந்தான். முதல் வேகத்தடையிலேயே அவன் புருவம் ஏறியது. இரண்டாவதில் வண்டியை நிறுத்திவிட்டான்.

"சார், சத்தம் வருது சார்! நல்லாவே வருது!"

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியில் கோளாறு இருக்கிறது என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை அந்தப் பையன் முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டான்.

திரும்பப் போய் மறுபடி டேஷ்போர்டைக் கழற்றினார்கள். கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற நீளச் சந்து ஒன்று இருக்கிறதல்லவா? அதன்மேல் மூடுகிற சட்டம் ஒரு பக்கம் சரியாக அமராமல் விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. "இதும் எங்க தப்புத்தான் சார்" என்றான் அருண்பாண்டி. மெக்கானிக் உள்ளே கையை விட்டுத் துழாவினான். வெளியே எடுத்து உள்ளங்கையை விரித்தான். ஒரு ரூபாய் நாணயங்கள். எல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தன.

நாங்கள் எல்லாரும் நாணயங்களைப் பார்த்தோம். மெக்கானிக் அவற்றைத் தரையில் வைக்கக் குனிந்தான்.

"அய்யோ, கீழ வெக்காதீங்க சாமி!" என்று ஓடி வந்தாள் அக்காள். "அது சாமி காசு!"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. என் அக்காளுக்கு எதற்கெடுத்தாலும் சாமிக்குக் காசு முடிந்து வைக்கிற வழக்கம். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்து வேண்டிக்கொள்வாள். காரியம் ஆனதும் கொண்டுபோய் உண்டியலில் போடுவாள். இந்த முறை கோளாறு வண்டியில் என்பதால் முடிச்சையும் வண்டியிலேயே வைத்திருக்கிறாள். டேஷ்போர்டின்மேல் ஒட்டியிருக்கிற முருகன் படத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். முதல் டிக் டிக் வந்த அன்று பூண்டிக்கு ஒரு காசு. கிணிங் ஆரம்பித்ததும் அவிநாசிக்கு ஒரு காசு. அதற்கும் நிற்கவில்லை என்றதும் சிவன்மலைக்கு. அப்புறம் அவளுக்குத் தெரிந்த சாமிகள் ஒவ்வொன்றுக்கும். சத்தம் கூடக் கூட வேண்டுதல் கூடியது. வேண்டுதல் கூடக் கூடச் சத்தம் கூடியது.

முடிச்சு எப்படி அவிழ்ந்தது? அதுதான் எங்கள் ஊர்க் கூத்து. முடிச்சுப் போட நெய்த துணி வேண்டும். எங்கள் வீடுகளில் நெய்த துணிக்கு எங்கே போவது? அக்காள் யூனிட்டில் கிடந்த பனியன் துணித்துண்டை மஞ்சளில் நனைத்து எடுத்து முடிந்திருக்கிறாள். பனியன் துணி இழுத்தால் இழுத்த பக்கம் வரும். வண்டி ஆட ஆட முடிச்சு நெகிழ்ந்து, காசு நழுவி, சந்து வழியாக உள்ளே இறங்கிவிட்டது. படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் மஞ்சள் துணிகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருசமாகத் துணி ஓட்டுகிறவர். பனியன் துணியைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. பேரிங் என்று சொன்ன காதைக் கையால் ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, இது பனியன் துணின்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க ஓட்டற துணி அவ்வளவு நல்லாருக்குதுங்க, மெத்துன்னு" என்றாள் அக்காள் கொஞ்சமும் அசராமல். "அதெல்லாம் இருக்கட்டும், சத்தம் நின்னுருச்சுங்களா இல்லீங்களா? சாமிதான நிறுத்திக் குடுத்துச்சு?"

அருண்பாண்டி திரும்பி நின்று சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அடக்க முடியவில்லை. கடைசியில் மச்சானும் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அன்று எல்லாக் கோயிலுக்கும் போய் எல்லாக் காசையும் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார். வண்டி வாயே திறக்கவில்லை.

கட்டுச்சோற்று நாள் ஜாம் ஜாம் என்று நடந்தது. தாராபுரத்தில் எங்கள் சோற்றைச் சாப்பிட்டவர்கள் இலையை மடிக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தங்கதுரை வெள்ளை வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, "சம்பந்தி, சாமிங்க எல்லாம் எறங்கிட்டாங்களா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தார். மச்சான் கண்டுகொள்ளவில்லை. மகளைக் கைபிடித்துக் கொண்டுவந்து பின் சீட்டில் ஏற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து, கதவைப் பூப்போல மூடினார். அக்காள் அவள் பக்கத்தில். நான் முன்னால். மோனிஷாவின் பெட்டி படுக்கைகளோடு தங்கதுரையும் நித்தீஷும் அவர்களுடைய பெரிய வண்டியில் கொஞ்ச நேரம் கழித்துப் புறப்பட்டு வருவதாகப் பேச்சு.

மச்சான் ஓட்டிய வேகத்துக்குப் பால்காரர்கள் எல்லாம் எங்களை முந்திப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் என் யூனிட்டில் லாரி வந்து நிற்கும், சரக்கு ஏற்றியாக வேண்டும். "மச்சான், கொஞ்சம் மிதிங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. குண்டடம் தாண்டிக் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவர் முகம் மாறியது.

"மாப்ளே... கேக்குதுங்களா?"

எனக்குப் பகீர் என்றது. கேட்டேன். கேட்டது. கர்ர்... என்று மெதுவாக ஏறி, இறங்கி, நின்று, மறுபடி கர்ர்... மச்சான் ஏ.சி.யை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. கியரை எடுத்துவிட்டு உருட்டினார். நிற்கவில்லை. நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி எஞ்சினையே அணைத்தார். கர்ர்... கர்ர்... எஞ்சின் நின்ற பிறகும் வண்டி சத்தம் போட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. தங்கதுரையின் வண்டி எந்த நேரமும் பின்னால் வந்துவிடும். மகளை இறக்கி அதில் ஏற்றி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

பின்னாலிருந்து அக்காள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"உங்க புள்ளதானுங்க" என்றாள் மெல்ல. "கொறட்டை."

திரும்பிப் பார்த்தோம். மோனிஷா தலையணையில் சாய்ந்து வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார். நான் "கெளம்பலாமுங்க" என்று கையைக் காட்டினேன். அவர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். குழாய் பதிக்கத் தோண்டிய ரோடு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் கல்லும் குழியும். அதில் ஓட்டினால் பிள்ளை எழுந்துவிடும். சத்தம் வராமல் கண்ணாடிகளை இறக்கினார். ஆனி மாதக் காற்று உள்ளே வந்தது. கதவைச் சாத்தாமலே இறங்கிக் கீழே நின்றார். என் லாரி போயிற்று என்று நினைத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

சொல்லி வைத்த மாதிரி தங்கதுரையின் வண்டி வந்தது. மச்சான் ரோட்டில் ஓடினார். இரண்டு கையையும் ஆட்டி, ஆரன் அடிக்க விடாமல், வெகுதூரத்திலேயே அவர்களை நிறுத்திவிட்டார். தங்கதுரை கண்ணாடியை இறக்கினார்.

"என்னங்க சம்பந்தி, மறுக்காவும் சத்தம் வந்துருச்சுங்களா?"

"ஆமாங்க, வந்துருச்சுங்க" என்றார் மச்சான். "அதுவா நிக்கற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேனுங்க. நீங்க வேணா முன்னால போங்க. சித்த மெதுவாப் பேசுங்க."

இத்தனை நாள் எந்த மனிதர் முன்னால் வண்டி நின்றுவிடக் கூடாது என்று பயந்தாரோ, அவர் முன்னால் வண்டி நிற்கிறது. மச்சான் முகத்தில் வருத்தத்தையே காணோம். தங்கதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கி வந்தார். வெள்ளை வண்டியின் ஜன்னலில் குனிந்து காதை வைத்துக் கேட்டார். அவருடைய பெரிய வாய் சிரிப்பதற்காகத் திறந்தது. பிறகு அப்படியே மூடிக்கொண்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலோடு எங்களிடம் வந்தார். அந்த மனிதர் அவ்வளவு சன்னமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எங்கூட்டுல இந்தப் புள்ளைக்கு ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லீங்க சம்பந்தி. ராத்திரி எப்ப எந்திரிச்சுப் பாத்தாலும் ஹால்ல உக்காந்திருக்கும். டாக்டர்கிட்டக்கூடக் கேட்டோம். உங்க வண்டில ஏறுன ஒடனே தூங்கிருச்சுங்களே."

மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தங்கதுரை திரும்பி மகனுக்குச் சைகை காட்டினார். நித்தீஷ் பெரிய வண்டியின் எஞ்சினையும் அணைத்தான். பிறகு சம்பந்திகள் இரண்டு பேரும் ரோட்டோரக் கல்லின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.